தமிழ் ஆய்வேட்டில் சான்று காட்டுவது எப்படி: பாடல் எண் முதல் துணைநூற்பட்டியல் வரை

சான்று காட்டுவதன் வேலை ஒன்றுதான். நீங்கள் எடுத்தாண்ட வரியைப் படிப்பவர், யாரையும் கேட்காமல், நீங்கள் பார்த்த அதே பதிப்பின் அதே பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். காற்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். ஆகவே எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதி இது: உங்கள் கையில் இருந்த பிரதியைச் சுட்டுங்கள். கையில் இல்லாததைச் சுட்டாதீர்கள்.

சான்று காட்டும் முறையைச் சொல்லும் ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ ஆகிய நெறிநூல்கள் பெரும்பாலும் ஆங்கில நூல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குடும்பப்பெயர் இல்லாத ஆசிரியர், பக்கத்தை விடப் பாடல் எண் முக்கியமான நூல், கோயில் சுவரில் இருக்கும் மூலம், மூன்று வகை ஆண்டுக் கணக்கு என்று தமிழ் ஆய்வாளர் அன்றாடம் கையாள்பவற்றுக்கு அவற்றில் நேரான விடை கிடைக்காது. எந்த நெறி என்பதை உங்கள் பல்கலைக்கழகம் சொல்லியிருக்கும். சொல்லவில்லை என்றால் நெறியாளரிடம் கேட்டு, முதல் இயலை எழுதத் தொடங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். எதைத் தேர்ந்தாலும் கடைசிப் பக்கம் வரை அதுவே இருக்கட்டும்.

படிக்கும்போதே செய்ய வேண்டியது

சான்றில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை எழுதும்போது நேர்வதில்லை, குறிப்பெடுக்கும்போதே நேர்ந்துவிடுகின்றன. நூலகத்தில் ஒரு நூலை எடுத்ததும் கைப்பேசியில் மூன்று படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: தலைப்புப் பக்கம், அதன் பின்புறம் இருக்கும் பதிப்பு விவரப் பக்கம், மேற்கோள் எடுக்கும் பக்கம். மூன்றாவது படத்தில் பக்க எண் தெரிகிறதா என்று அங்கேயே பாருங்கள். எண் விடுபட்ட ஒளிப்படம் பின்னால் எதற்கும் உதவாது.

நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் அட்டையிலிருந்து எடுக்க வேண்டாம். அட்டையில் சுருக்கியோ அழகுபடுத்தியோ போட்டிருப்பார்கள். தலைப்புப் பக்கத்தில் இருப்பதே நூலின் பெயர்.

குறிப்பேட்டில் மூன்று வகைக் குறிப்புகள் சேரும்: நூலின் சொல்லை அப்படியே எழுதியது, அதன் கருத்தை உங்கள் சொல்லில் சுருக்கியது, படிக்கும்போது உங்களுக்குத் தோன்றியது. இவற்றைப் பிரித்தறிய ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே எழுதியதற்கு மேற்கோள்குறி, சுருக்கியதற்கு ‘சு’, சொந்தக் கருத்துக்கு ‘எ’ என்று ஓரத்தில் போட்டாலே போதும். குறியில்லாமல் எழுதி வைத்த பிறர் வரி, ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது உங்கள் வரி போலவே தெரியும். கருத்துத் திருட்டு என்று பிடிபடும் பத்திகளில் பல இப்படி, எந்த உள்நோக்கமும் இல்லாமல் உருவானவை.

ஆண்டும் பதிப்பும்

பதிப்பு விவரப் பக்கத்தில் முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு, மறுஅச்சு என்று பல ஆண்டுகள் இருக்கும். மறுஅச்சு என்றால் பழைய பக்கங்களே திரும்ப அச்சாகியிருக்கும், பக்க எண் மாறாது. புதிய பதிப்பு என்றால் உள்ளடக்கமும் பக்க எண்ணும் மாறியிருக்கக்கூடும். நம் பதிப்பகங்கள் பல இந்த இரண்டு சொற்களையும் வேறுபாடு பார்க்காமல் பயன்படுத்துகின்றன. எழுத்தைப் புதிதாகக் கோத்து அச்சிட்டுவிட்டு ‘மறுஅச்சு’ என்று போட்ட நூல்களும் உண்டு. அதனால் உங்கள் கையில் உள்ள பிரதியின் ஆண்டையே எழுதி, முதற்பதிப்பு ஆண்டு வாதத்துக்கு முக்கியமானால் அதையும் உடன் சேருங்கள்.

அது முக்கியமாகும் இடங்கள் உண்டு. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு ஆங்கிலத்தில் 1935இலும் 1937இலும் இரு தொகுதிகளாக வந்தது. திருத்திய இரண்டாம் பதிப்பு 1955இல் வந்தது. ‘சாஸ்திரி 1935இலேயே இப்படிச் சொன்னார்’ என்று எழுதிவிட்டு 1955 பதிப்பின் பக்க எண்ணைக் கொடுத்தால், அந்தக் கருத்து இடையில் திருத்தப்பட்டதா என்பதை நீங்கள் பார்க்கவில்லை என்பது வெளிப்பட்டுவிடும்.

சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழக வெளியீடுகள் போன்றவற்றில் திருவள்ளுவர் ஆண்டு (தி.பி.) இருக்கும். அதிலிருந்து 31ஐக் கழித்தால் பொது ஆண்டு வரும்: தி.பி. 2001 என்றால் 1970. பழைய அச்சுநூல்களில் அறுபது ஆண்டு வட்டத்துப் பெயர் மட்டும் இருப்பதும் உண்டு. அங்கே கவனம் தேவை. ‘ஜய’ என்பது 1894–95 ஆகவும் இருக்கலாம், 1954–55 ஆகவும் இருக்கலாம். தாள், அச்சகம், முன்னுரைத் தேதி ஆகியவற்றைக் கொண்டு எந்த வட்டம் என்று உறுதி செய்யுங்கள். தமிழாண்டு சித்திரையில் தொடங்குவதால் இரண்டு ஆங்கில ஆண்டுகளையும் இணைத்து எழுதுவதே சரி. நூலில் அச்சாகாத ஆண்டை நீங்கள் கணித்திருந்தால் சதுர அடைப்புக்குள் [1894–95] என்று போடுங்கள். ஆண்டே தெரியவில்லை என்றால் [ஆண்டு இல்லை]. ஊகத்தை உண்மை போல எழுதி வைத்தால், அடுத்து வரும் பத்து ஆய்வேடுகள் அதை அப்படியே நகலெடுக்கும்.

பெயர்

உ. வே. சாமிநாதையர் பெயரில் ‘உ’ என்பது உத்தமதானபுரம், ‘வே’ என்பது தந்தை வேங்கடசுப்பையர். அவருடைய பெயர் சாமிநாதையர். ஆகவே பட்டியலில் ‘சாமிநாதையர், உ. வே.’ என்று வரும், ‘சா’ வரிசையில் அடுக்கப்படும். ஆங்கில நெறிநூல் குடும்பப்பெயரை முதலில் போடச் சொல்கிறது என்பதற்காக, தந்தை பெயரை முன்னால் கொண்டு வந்து அதையே ஆசிரியரின் பெயராக்கிவிடக் கூடாது. இன்றைய ஆய்வாளர்கள் முன்னெழுத்தை விரித்துத் தம் பெயருக்குப் பின்னால் தந்தை பெயரையோ கணவர் பெயரையோ எழுதும் கட்டுரைகளில் இந்தக் குழப்பம் மிகுதி. அவரே தம் முந்தைய கட்டுரைகளில் எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

முனைவர், பேராசிரியர், மகாமகோபாத்தியாய, திரு முதலியவை பட்டியலில் வேண்டாம். ஆறுமுக நாவலர் என்பதில் உள்ள ‘நாவலர்’ போலப் பெயரோடு ஒன்றிவிட்ட பட்டத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். புனைபெயரில் வந்த நூலுக்குப் புனைபெயரே ஆசிரியர்: புதுமைப்பித்தன் ‘பு’ வரிசையில்தான் வருவார். விருத்தாசலம் என்று தேடி வருபவருக்காக, வேண்டுமானால் ‘விருத்தாசலம், சொ. காண்க: புதுமைப்பித்தன்’ என்று ஒரு வரி சேர்க்கலாம்.

ஒரே ஆசிரியர் ஒரு நூலில் சாமிநாதையர் என்றும் இன்னொன்றில் சுவாமிநாதையர் என்றும் அச்சாகியிருந்தால் பட்டியலில் ஒரே வடிவத்தில் கொண்டு வாருங்கள். நூற்பெயரில் மட்டும் கை வைக்கக் கூடாது. 1978இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, றா வடிவங்களைப் புதிய வடிவத்தில் எழுதலாம், அது எழுத்தின் உருவம் மட்டுமே. ‘சரித்திரம்’ என்று அச்சானதை ‘வரலாறு’ என்றோ, ‘ஸ்ரீ’ என்றிருப்பதை ‘திரு’ என்றோ மாற்றினால் நூலகப் பட்டியலில் அந்த நூல் அகப்படாது.

மூன்று நெறியிலும் ஒரே நூல்

மு. வரதராசனின் தமிழ் இலக்கிய வரலாற்றை எடுத்துக்கொள்வோம். பக்க எண் எடுத்துக்காட்டுக்காகப் போட்டது.

சிகாகோ முறை அடிக்குறிப்பு: மு. வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு (புதுதில்லி: சாகித்திய அகாதெமி, 1972), ப. 40.

ஏபிஏ முறையில் கட்டுரைக்குள்: (வரதராசன், 1972, ப. 40). பட்டியலில்: வரதராசன், மு. (1972). தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி.

எம்எல்ஏ முறையில் கட்டுரைக்குள்: (வரதராசன் 40). பட்டியலில்: வரதராசன், மு. தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி, 1972.

2019இல் வந்த ஏபிஏ ஏழாம் பதிப்பு வெளியீட்டு இடத்தைக் கேட்பதில்லை. பழைய வழிகாட்டியைப் பார்த்து ‘சென்னை:’ என்று போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் நூற்பெயரைச் சாய்வெழுத்தில் போடுவார்கள். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் உண்மையான சாய்வெழுத்து கிடையாது, மென்பொருள் எழுத்தை வலுவில் சாய்த்துக் காட்டும். அச்சில் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று இடிக்கும். தடித்த எழுத்தோ ஒற்றை மேற்கோள்குறியோ போதுமா என்று துறையில் கேட்டு, ஏடு முழுவதும் ஒன்றையே கடைப்பிடியுங்கள்.

ஒரு பக்கத்துக்கு ‘ப.’, பல பக்கத்துக்கு ‘பக்.’ என்று எழுதுவது தமிழ் வழக்கம். பதிப்பாசிரியருக்கு ‘ப.ஆ.’, தொகுப்பாசிரியருக்கு ‘தொ.ஆ.’ என்பவை பரவலாக வழங்குகின்றன. எந்தச் சுருக்கம் போட்டாலும் ஏட்டின் தொடக்கத்தில் ‘சுருக்கக் குறியீடுகள்’ பக்கத்தில் விரித்துக் காட்டிவிடுங்கள்.

‘மேலது’ தரும் தொல்லை

முந்தைய குறிப்பில் வந்த நூலே திரும்ப வந்தால் ‘மேலது, ப. 52’ என்றும், சற்று முன்னால் வந்த நூலுக்கு ‘மு.நூ.’ என்றும் எழுதுவது தமிழ்த்துறைகளில் நெடுநாள் வழக்கம். தட்டச்சுப் பொறிக் காலத்தில் அது உழைப்பை மிச்சப்படுத்தியது. கணினியில் அது கண்ணிவெடி. 14ஆம் குறிப்பு ‘மேலது’ என்று இருக்கும். திருத்தும்போது 13க்கும் 14க்கும் இடையில் ஒரு பத்தியைச் செருகி, அதற்கு வேறு நூலிலிருந்து குறிப்புப் போடுவீர்கள். பழைய ‘மேலது’ இப்போது அந்தப் புதிய நூலைச் சுட்டும். மென்பொருள் எச்சரிக்காது, உங்கள் கண்ணுக்கும் படாது. சிகாகோ நெறியின் 17ஆம் பதிப்பே இத்தகைய சொல்லைத் தவிர்த்துச் சுருக்கக் குறிப்பைப் பயன்படுத்தச் சொல்கிறது. முதல் முறை முழு விவரம், அடுத்த முறை முதல் ‘வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு, ப. 52’. நான்கு சொல் கூடுதல்தான், ஆனால் குறிப்பு எங்கே நகர்ந்தாலும் தவறாது. துறை ‘மேலது’ வேண்டும் என்று வற்புறுத்தினால், ஏட்டை முடித்த பிறகு கடைசி வேலையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பழந்தமிழ் நூல்கள்

இங்கே பக்க எண்ணுக்கு இரண்டாம் இடம்தான். பாடல் எண்ணும் அடி எண்ணும் கொடுத்தால் எந்தப் பதிப்பு வைத்திருப்பவரும் கண்டுபிடித்துவிடுவார். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பதற்குப் புறம். 192:1 என்று எழுதினால் போதும். இரண்டு அடிகள் என்றால் புறம். 192:1–2. எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை முதல் முறை வரும்போது அடிக்குறிப்பில் ஒருமுறையும், பட்டியலில் ஒருமுறையும் சொல்ல வேண்டும். அதைத் தவிர்க்கவே முடியாது.

ஏன் என்று பார்ப்போம். அதே பாடலின் மூன்றாம் அடி, சந்தி பிரிக்காத பதிப்பில் ‘அவற்றோ ரன்ன’ என்று இருக்கும், பிரித்த பதிப்பில் ‘அவற்றோர் அன்ன’ என்று இருக்கும். யாப்பைப் பற்றியோ சொல் எண்ணிக்கையைப் பற்றியோ எழுதுகிறவருக்கு இது பெரிய வேறுபாடு. ஒரு பதிப்பிலிருந்து பாடலையும் இன்னொன்றிலிருந்து எண்ணையும் எடுத்துக் கலந்தால் இந்த வேறுபாடுகள் ஏட்டுக்குள் ஆங்காங்கே எட்டிப் பார்க்கும். உங்கள் வாதம் ஒரு சொல்லின் மேல் நிற்கிறது என்றால் பாடவேறுபாட்டையும் (பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறுவதையும்) பார்க்க வேண்டும். சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தது முதல் இன்று வரை வந்த பதிப்புகளில், பாடவேறுபாடு தரும் பதிப்பு ஒன்றை மேசை மேல் வைத்துக்கொள்ளாமல் ‘இச்சொல் இங்கே வருகிறது’ என்று எழுத வேண்டாம். எண்ணிக்கை சொல்லும்போதும் கவனம் வேண்டும்: புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை.

திருக்குறளுக்குக் குறள் எண் போதும், ஆனால் நினைவிலிருந்து எழுதக் கூடாது. ‘அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு’ என்று மட்டும் மேற்கோள் காட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது மெய்யுணர்தல் அதிகாரத்தின் 355ஆம் குறளிலும் இருக்கிறது, அறிவுடைமை அதிகாரத்தின் 423ஆம் குறளிலும் இருக்கிறது. முன்னது ‘எப்பொருள் எத்தன்மைத் தாயினும்’, பின்னது ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’. எண்ணை மாற்றிப் போட்டால் அதிகாரமே மாறிப்போகும், அதன் மேல் கட்டிய விளக்கமும் விழும். இன்று வழங்கும் குறள் எண்கள் பரிமேலழகர் வைப்புமுறையைத் தழுவியவை. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை மாறும். மணக்குடவர் பதிப்பைக் கொண்டு ஆய்பவர் இரண்டு எண்களையும் கொடுப்பது நல்லது.

தொல்காப்பியத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். இளம்பூரணர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை மற்றோர் உரையாசிரியர் இரண்டாகக் கொள்வது உண்டு. எனவே நூற்பா எண்ணோடு உரையாசிரியர் பெயரும் சேர்ந்தால்தான் சான்று முழுமை பெறும்: தொல்., பொருள்., அகத்திணையியல், நூற்பா எண், இளம்பூரணம். கம்பராமாயணத்துக்கும் இதே நிலை. பதிப்புக்குப் பதிப்பு பாடல் எண் மாறுவதால் காண்டம், படலம், பாடல் எண், பதிப்பு நான்கும் தேவை. தேவாரத்துக்குத் திருமுறை, பதிகம், பாடல் என்ற மூன்றடுக்கு எண்: ‘நாமார்க்கும் குடியல்லோம்’ 6.98.1. திருவாய்மொழிக்குப் பத்து, திருவாய்மொழி, பாசுரம்: ‘உயர்வற உயர்நலம்’ 1.1.1.

மூலத்தையும் உரையையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ‘வள்ளுவர் கூறுகிறார்’ என்று தொடங்கி, பரிமேலழகரின் விளக்கத்தை எழுதி, குறள் எண் போட்டு முடிக்கும் பத்திகள் ஆய்வேடுகளில் நிறைய. அந்தக் கருத்து பரிமேலழகருடையது என்றால் ‘குறள் 355, பரிமேலழகர் உரை’ என்று போட்டு, உரைநூலின் பக்க எண்ணையும் தர வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் மின்னுரைகள் (நூல்களின் மின்வடிவங்கள்) தேடுவதற்கு அருமையானவை. மதுரைத் திட்டம் 1998 முதல் செய்துவரும் மின்னுரைப் பணி இல்லாவிட்டால் பலருடைய ஆய்வு பாதியில் நின்றிருக்கும். ஆனால் அங்கே கண்டுபிடித்த அடியை அச்சுப் பதிப்போடு ஒப்பிட்ட பிறகே மேற்கோள் காட்டுங்கள். ஒப்பிட இயலவில்லை என்றால் மின்னுரையையே சான்றாகக் காட்டுவதில் தவறில்லை. மின்னுரை எண்ணையும், அது எந்த அச்சுப் பதிப்பைக் கொண்டு உருவானது என்று முகப்பில் சொல்லியிருந்தால் அதையும், பார்த்த நாளையும் சேருங்கள். மின்னுரையைப் பார்த்துவிட்டு அச்சு நூலின் பெயரைப் போடுவது பொய்ச் சான்று.

கல்வெட்டும் சுவடியும்

கல்வெட்டுக்குத் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் உயிர். தஞ்சைப் பெரியகோயிலில் உள்ள முதலாம் இராசராசன் கல்வெட்டு என்றால் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 2, எண் 1’. நீண்ட கல்வெட்டுக்கு வரி எண்ணும் வேண்டும். கூடவே ஊர், கோயில், கல்வெட்டு இருக்கும் இடம், அரசன், ஆட்சியாண்டு ஆகியவற்றை முதல் முறை எழுதும்போது கொடுங்கள். ‘இராசராசனின் 10ஆம் ஆட்சியாண்டு’ என்று மட்டும் எழுதினால் எந்த இராசராசன் என்ற கேள்வி எழும். ஆட்சியாண்டைப் பொது ஆண்டாக மாற்றியது நீங்களா, தொகுதியின் பதிப்பாசிரியரா என்பதும் தெரிய வேண்டும்.

ஒரு வேறுபாட்டைக் கட்டாயம் காட்டுங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கையில் பெரும்பாலும் கல்வெட்டின் சுருக்கம் மட்டுமே ஆங்கிலத்தில் இருக்கும், பாடம் (கல்வெட்டின் முழு வாசகம்) இருக்காது. ஆண்டறிக்கை எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு ‘கல்வெட்டில் இச்சொல் வருகிறது’ என்று எழுதினால், நீங்கள் பாடத்தைப் பார்க்கவில்லை என்பது அறிந்தவருக்குப் புரிந்துவிடும். பாடம் அச்சாகியிருக்கிறதா என்று தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலும், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் வெளியீடுகளிலும், ‘ஆவணம்’ இதழிலும் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ‘ஆண்டறிக்கைச் சுருக்கத்தின்படி’ என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

ஓலைச்சுவடிக்கு நிறுவனத்தின் பெயர், சுவடி எண், ஏட்டு எண், அதில் முன்பக்கமா பின்பக்கமா என்பது வேண்டும். சுவடி எண்ணுக்கு முன் எழுத்து இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். ஒரே நூலகத்தில் இரண்டு வரிசைகள் இருந்தால் அந்த எழுத்து இல்லாமல் சுவடியை எடுத்துத் தர முடியாது.

இன்னொருவர் வழியாகக் கிடைத்தது

ஒரு நூலில் மற்றொரு நூலின் மேற்கோளைப் பார்க்கிறீர்கள். முதலில் மூல நூலைத் தேடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலங்கை நூல்களுக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் என்று இன்று வழிகள் பல உண்டு. கிடைத்தால் மூலத்தைப் பார்த்து அதையே சுட்டுங்கள். ஒப்பிடும்போது இடையில் ஒரு சொல் விடுபட்டதையோ பக்க எண் பிசகியதையோ அடிக்கடி காண்பீர்கள். கிடைக்காதபோது இரண்டையும் சொல்லுங்கள்: ‘அ, நூற்பெயர், ப. 12, மேற்கோள்: ஆ, நூற்பெயர், ப. 88’. பட்டியலில் நீங்கள் படித்த ‘ஆ’ மட்டுமே வர வேண்டும்.

ஆங்கில நூலில் சங்கப் பாடலின் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு, அதை மீண்டும் தமிழாக்கிப் போடுவது இதே தவறின் இன்னொரு வடிவம். மூலப்பாடல் தமிழில் இருக்கிறது, அதை எடுங்கள். ஆங்கில ஆய்வாளரின் கருத்தை நீங்களே மொழிபெயர்த்தால் ‘மொழிபெயர்ப்பு: ஆய்வாளர்’ என்று குறிப்பிட்டு, வாதத்துக்கு இன்றியமையாத தொடர் என்றால் ஆங்கில மூலத்தை அடிக்குறிப்பில் கொடுங்கள்.

சொந்தச் சொல்லில் எழுதுவது

ஒரு நூலில் இப்படி ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம்: ‘ஏரிகளைப் பராமரிக்கும் பொறுப்பு ஊர்ச்சபையிடம் இருந்தவரை தூர்வாரும் வேலை ஆண்டுதோறும் தவறாமல் நடந்தது.’

இதை ‘ஏரிகளைப் பேணும் கடமை கிராமசபையிடம் இருந்த காலம்வரை தூரெடுக்கும் பணி ஒவ்வோர் ஆண்டும் தவறாது நடைபெற்றது’ என்று மாற்றுவது சுருக்கமும் அல்ல, விளக்கமும் அல்ல. சொல்லுக்குச் சொல் பதிலி போட்ட நகல். அடிக்குறிப்புப் போட்டாலும் குற்றம் தீராது, ஏனென்றால் வாக்கியத்தின் கட்டமைப்பு அவருடையது.

நூலை மூடிவிட்டு, அவர் சொன்னது உங்கள் வாதத்துக்கு எதற்காகத் தேவை என்று யோசித்து எழுதுங்கள்: ‘தூர்வாருதல் தடைப்பட்டதற்கு மழைக்குறைவை விட நிர்வாக மாற்றமே காரணம் என்ற முடிவுக்கு இந்நூல் இடம் தருகிறது, பொறுப்பு ஊர்ச்சபையிடம் இருந்த காலத்தில் வேலை நின்றதில்லை என்று ஆசிரியர் காட்டுகிறார் (ப. 61).’ இதில் அவர் சொன்னது எது, நீங்கள் அதிலிருந்து எடுத்தது எது என்பது பிரிந்து தெரிகிறது. எழுதிய பிறகு நூலைத் திறந்து, பொருள் மாறவில்லையா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படியே மேற்கோள் காட்டும்போது விட்ட இடத்துக்கு மூன்று புள்ளி, நீங்கள் சேர்த்த சொல்லுக்குச் சதுர அடைப்பு, நீங்கள் தடித்துக் காட்டியதற்கு ‘அழுத்தம் ஆய்வாளருடையது’ என்ற குறிப்பு. ஏபிஏ 40 சொல்லும் அதற்கு மேலும் போகும் மேற்கோளைத் தனிப்பத்தியாக உள்ளே தள்ளி, மேற்கோள்குறி இல்லாமல் போடச் சொல்கிறது. தமிழில் ஒரு சொல்லே பல உருபுகளைச் சுமப்பதால் 40 தமிழ்ச் சொல் நீளமான பத்தியாகிவிடும். நான்கு வரியைத் தாண்டினால் தனிப்பத்தி என்று எம்எல்ஏ போல வைத்துக்கொள்வது கண்ணுக்கு நன்றாக இருக்கும். துறை ஒப்பினால் அப்படிச் செய்யுங்கள்.

இதழ்கள், இணையம், களப்பணி

பழைய இதழ்களுக்குத் தொகுதி எண்ணும் இதழ் எண்ணும் அந்தந்த இதழின் சொல்லிலேயே இருக்கட்டும். பல இதழ்களில் மலர், இதழ் என்று இருக்கும். ‘செந்தமிழ்’ இதழில் தொகுதி, பகுதி. ‘செந்தமிழ்ச் செல்வி’யில் சிலம்பு, பரல். இவற்றை ஒரே சொல்லாக மாற்றினால், கட்டப்பட்ட தொகுப்பை எடுத்துத் தரும் நூலகர் குழம்புவார். இதழில் வந்த கட்டுரை பின்னால் நூலில் சேர்ந்திருந்தால், எதைப் படித்தீர்களோ அதையே சுட்டுங்கள். நூலில் சேர்க்கும்போது ஆசிரியர்கள் திருத்துவது வழக்கம்.

இணையப் பக்கத்துக்கு ஆசிரியர், தலைப்பு, தளம், வெளியான நாள், பார்த்த நாள், முகவரி. டிஓஐ எனும் நிலையான அடையாள எண் இருக்கும் கட்டுரைக்கு முகவரிக்குப் பதில் அதுவே போதும். பக்கம் நாளை காணாமல் போகலாம் என்பதால், இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷினில் அன்றே சேமித்து, அந்த முகவரியையும் வைத்துக்கொள்ளுங்கள். விக்கிப்பீடியாக் கட்டுரையின் அடியில் உள்ள சான்றுகளைப் பின்தொடர்ந்து மூல நூலுக்குப் போங்கள். ஆய்வேட்டில் விக்கிப்பீடியாவைச் சான்றாகக் காட்டத் தேவை வருவது அரிது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தரும் நூற்பட்டியலை அப்படியே ஏட்டில் சேர்க்கவே கூடாது. உண்மையான ஆசிரியர் பெயர், நம்பத்தகுந்த தலைப்பு, இல்லாத நூல் என்று அவை சேர்த்துக் கொடுக்கும். ஒவ்வொன்றையும் நூலகப் பட்டியலிலோ, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவிலோ தேடி, திறந்து, பக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகே சேருங்கள்.

களப்பணியில் சேகரித்த பாடல், கதை, நேர்காணலுக்குத் தகவலாளர் பெயர், வயது, ஊர், பதிவு செய்த நாள் ஆகியவை வேண்டும். பெயரை வெளியிட அவர் சம்மதித்தாரா என்பது அதற்கு முன்னால் வரும் கேள்வி. சம்மதம் இல்லையென்றால் ‘தகவலாளர் 3’ என்று போட்டு, அடையாள விவரத்தைத் தனியே பாதுகாப்பாக வைத்திருங்கள்.

விதிமுறை என்ன சொல்கிறது

கருத்துத் திருட்டு பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்திய ஏட்டைத் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால், திருத்திய ஏட்டைத் தர ஓராண்டுத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். முறையாகச் சான்று காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்டங்கள், பொதுச்சொற்கள் ஆகியவை கணக்கில் வராது. பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் தொடர்களுக்குத் தொடர்ச்சியாக 14 சொல் வரை விலக்கு உண்டு.

இந்த எண்களைப் பார்த்து ‘10க்குள் வந்தால் போதும்’ என்று நினைப்பது ஆபத்து. மென்பொருள் எண்ணுவது சொற்களின் ஒற்றுமையை மட்டுமே. ஒருவருடைய ஆய்வு முடிவை முழுக்க வேறு சொல்லில் எழுதிச் சான்றில்லாமல் விட்டால் அறிக்கை பூஜ்யம் காட்டலாம், ஆனாலும் அது திருட்டுத்தான். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பகுதிகளை மென்பொருளால் படிக்க முடியாமலும் போகும். முதலிலேயே யூனிகோடில் எழுதுங்கள்.

பட்டியலை அடுக்குதல்

ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் நூல் விவரங்களைச் சேமித்தால் வடிவ வேலை குறையும். பெயருக்கான இடத்தில் ‘சாமிநாதையர்’ என்பதைக் குடும்பப்பெயர்க் கட்டத்திலும் ‘உ. வே.’ என்பதை அடுத்த கட்டத்திலும் இடுங்கள். புதுமைப்பித்தன் போன்ற ஒற்றைப் பெயருக்கும் நிறுவனப் பெயருக்கும் இரண்டு கட்டத்தையும் ஒன்றாக்கும் பொத்தானை அழுத்திக்கொள்ளுங்கள்.

அகரவரிசையை மென்பொருளிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. யூனிகோடின் எண் வரிசையில் ‘ன’ ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ ‘ர’வுக்கு அடுத்தும், ‘வ’ என்பது ‘ழ’வுக்குப் பின்னும் இருக்கின்றன. நம் நெடுங்கணக்கில் ய ர ல வ ழ ள ற ன என்றே வரும். புள்ளி பெற்ற எழுத்தும் அப்படித்தான்: ‘க்’ என்பது ‘க’வுக்கு முன் வர வேண்டும், எண் வரிசையில் ‘கௌ’வுக்குப் பின் போய்விடும். எனவே மென்பொருள் அடுக்கிய பிறகு அகராதி முறையோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். தமிழ் நூல்களை முதலிலும் ஆங்கில நூல்களை ஆங்கில எழுத்திலேயே தனிப்பகுதியாகவும் தருவது பொதுவான முறை.

சமர்ப்பிப்பதற்கு முன் பட்டியலைத் தாளில் அச்சிட்டு எடுங்கள். ஏட்டின் முதல் அடிக்குறிப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நூலும் வர வர பட்டியலில் அதன் நேரே ஒரு கோடு போடுங்கள். கடைசியில் கோடே விழாத நூல் இருந்தால் அதை நீங்கள் பயன்படுத்தவில்லை. நீக்குங்கள், அல்லது துறை அனுமதித்தால் ‘பார்வை நூல்கள்’ என்று தனியே வையுங்கள். பட்டியலில் இல்லாத நூல் அடிக்குறிப்பில் வந்தால் உடனே சேருங்கள். பிறகு இயலுக்கு ஐந்து குறிப்பு வீதம் அங்கங்கே பொறுக்கி, எடுத்து வைத்த ஒளிப்படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு இயலில் இரண்டு பிழை தென்பட்டால் அந்த இயலின் எல்லாக் குறிப்புகளையும் சரிபார்த்த பிறகே அடுத்த இயலுக்குப் போங்கள்.